ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி

“உங்கட ஊரில ரெண்டு ஆம்பிளையள் ஒரு வீடு எடுத்துக் குடியிருக்கலாமோ, தம்பி?”

இதைக் கேட்டபோது சிவராசா சேர் எங்கள் கடை வாசலில் நின்று பாதி பிளேடால் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தார். நான் தராசில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வருகிறவர்களா என்று கேட்டேன். “வேலைக்கில்லை. இருக்க.” அண்ணன் தம்பியா என்றேன். “இல்லை.” கூட்டாளிகளா என்றேன். பென்சில் முனையை ஊதிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “கலியாணம் கட்டினவை எப்பிடியோ, அப்பிடி.”

இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல சொல்கூட இருக்கவில்லை. இருந்தவை எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள் சிரிப்பதற்கு வைத்திருந்த சொற்கள். மிளகைப் பையில் கொட்டிக் கட்டினேன். “யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்லை” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பென்சில் சீவல்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தச் சட்டைப்பையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் படவரைஞர். நாள் முழுவதும் வரைகிறவர் என்பதால் பென்சிலும் பிளேடும் எப்போதும் கூடவே இருக்கும். எங்கே நின்று பென்சில் சீவினாலும் ஒரு துணுக்கையும் கீழே விழ விடமாட்டார். இடது உள்ளங்கையில் ஏந்தி, சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். அதனால் அவருடைய வெளிர்நீலச் சட்டைகள் எல்லாவற்றிலும் பையின் அடிப்பாகம் கறுத்திருக்கும். எங்கள் கடை வாசல் ஒன்றும் பளிங்குத் தரை அல்ல. மிளகுத் தும்பும் கராம்புக் காம்பும் எப்போதும் கிடக்கும். கீழே போடுங்கள் சேர் என்று ஒருமுறை சொன்னேன். “வாடகை அறையளில இருந்து இருந்து வந்த பழக்கம். ஆரும் வந்து கேட்டா, நான் இருந்த அடையாளம் இருக்கக்கூடாது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அது சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான வருடம். சோதனைச் சாவடிகள் சிலவற்றில் ஆள் இல்லாமல் மணல் மூட்டைகள் மட்டும் கிடந்தன. யாழ்ப்பாணப் பாதை திறந்துவிட்டது. பலர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் புதிதாக எங்காவது இருக்க இடம் தேடினார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, எப்போது இந்த ஊரைவிட்டுப் போவோம் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்த எனக்கு, இந்த ஊருக்கு வருவதற்காகச் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வருகிற ஒருவர் பெரிய வியப்பாக இருந்தார்.

எங்கள் ஊருக்கு வரும் முன் அவர் வேறு இடங்களும் பார்த்திருந்தார். எங்கே போனாலும் ஒரே முறைதான். தேநீர்க் கடையில் ஒரு பிளேன்டி வாங்குவார். வீடு வாடகைக்கு உண்டா என்று கேட்பார். “நாங்கள் ரெண்டு பேர். சொந்தக்காரர் இல்லை. ஒண்டா இருக்கிறனாங்கள்” என்பார். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். கலேவெலவில் ஒரு வீட்டுக்காரர், பொம்பிளை இல்லாத வீட்டாருக்குப் பொதுக்கிணறு தர முடியாது என்று மரியாதையாகச் சொன்னாராம். வில்கமுவவில் ஒரு வயலோரம் நல்ல வீடு கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதை ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்டேன்.

“அங்க கேள்வி கேக்க ஆளே இல்லை, தம்பி. ஒளிச்சு இருக்கிறதெண்டா எங்கையும் இருக்கலாம். எனக்கு அயல் வேணும்.”

சொந்தக்காரர் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாதா என்று எனக்குத் தோன்றும். அந்தப் பொய்யை அவர்கள் முன்பே சொல்லிப் பார்த்திருந்தார்கள். அவரும் ஆறுமுகநாதனும் பல வருடம் கொழும்பில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஆறுமுகநாதன் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். அண்ணன் தம்பி என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் பார்க்க இரண்டாவது கட்டில் ஒன்றையும் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு சுற்றிவளைப்பின்போது பொலிசாரிடமும் பழக்கத்தில் அதையே சொன்னார்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் வேறு வேறாக இருந்தது. வடக்கில் பிறந்த இரண்டு தமிழ் ஆண்கள் சொன்னது பொய் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அந்தக் காலத்தில் வேறு குற்றம் தேவையில்லை. சேரிடம் அரசாங்கக் கந்தோர் அட்டை இருந்ததால் அவரை விட்டுவிட்டு, ஆறுமுகநாதனைக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு அவர் வவுனியாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து இருவரும் இரண்டு ஊரில்.

“உண்மையச் சொன்னாலும் பயம்தான். ஆனா அந்தப் பொய்ய நான் இனிச் சொல்லமாட்டன்” என்றார் சேர். அவர் குரல் உயரவில்லை. பிளேடை ஒரு தாளில் சுற்றி உள்ளே வைத்தார்.

கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரங்களில், கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வீடு வரைவார். வீடு ஒவ்வொரு வாரமும் மாறும். குசினி மட்டும் எப்போதும் பெரிதாக, இரண்டு கதவுடன் இருக்கும். “நாதன் சமைக்கேக்க ஆரும் வழியில நிண்டா அவருக்குக் கோவம் வரும்.” படுக்கை அறை எப்போதும் ஒன்றுதான் இருக்கும். ஒரு நாள் அதைக் காட்டி, ஒன்றுதானா என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வரைந்தார்.

அன்று கடைக்கு உப்பு வாங்க வந்த ஸைனம்பு சாச்சி அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் பக்கத்து வளவு. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. சில ஆடுகளும், மகனாக வளர்த்த தங்கையின் மகன் சவூதிக்குப் போகுமுன் கட்டிவிட்ட ஒரு சின்ன வீடும் உண்டு. அந்த வீட்டில் ஆடுகளுக்குக் குழை கட்டி வைத்திருந்தார்.

“இதுல அடுப்பு எங்க ஈக்கி?” என்று கேட்டார்.

சேர் காட்டினார்.

“ஒரு அடுப்பா, ரெண்டா?”

“ஒண்டுதான், அக்கா.”

“யாரு ஆக்குற?”

“நாதன். நான் தேங்காய் துருவுவன்.”

“எத்தன காலமா?”

சேர் சொன்னார். சாச்சி உப்புப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டார். “எனக்கு வாய்ச்ச மனுசன் அவ்வளவு காலம் என்னோட ஈக்கல்லயே” என்றார். பிறகு, “வந்து வீட்டப் பாருங்க. ஆட்டு மணம் ஈக்கி, கழுவினாப் போயிடும்” என்று முன்னால் நடந்தார்.

என் வாப்பா ஜைனுதீனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். “ரெண்டு யாழ்ப்பாணத்து ஆளுங்க. நாளைக்குச் சண்டை திரும்பத் தொடங்கினா பொலிஸ் வந்து யாரக் கேக்கும்? மத்தக் கதை வேற” என்றார் சாச்சியிடம்.

“கேட்டா நா செல்றேன். என்னோட வளவுல ஈக்கிறவங்க, எனக்குத் தெரிஞ்சவங்க. மத்தக் கதைக்குப் பொலிஸ் என்னத்துக்கு? எனக்கே தெரியுமே.”

வவுனியாவிலிருந்து லொறி ஒரு ஞாயிறு காலையில் வந்தது. கூடவே வந்த ஆறுமுகநாதன் குள்ளமானவர், ஒரு காலை மெல்ல இழுத்து நடப்பவர். கையில் அம்மிக்குழவியைப் பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு இறங்கினார். சாமான் இறக்க நாங்கள் சிலர் போனோம். பார்க்க அதைவிடப் பலர் வந்திருந்தார்கள். அலுமாரி வந்தது, அம்மி வந்தது, வரையும் மேசை வந்தது. பிறகு கட்டில் வந்தது. பெரிய முதிரை மரக் கட்டில். அதன் பின்னால் இரண்டாவது கட்டில் வரவில்லை. லொறி காலியாக இருந்தது.

சந்தியில் நிற்கும் பையன்களில் ஒருவன், “பொண்ணு மாப்புள கட்டில்டா” என்றான். சிலர் சிரித்தார்கள். சேர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் கண்கள் கட்டிலில் இல்லை. திரும்பவும் சாமானை ஏற்ற வேண்டி வருமா என்று கணக்குப் போடுகிறவர் போல லொறியைப் பார்த்தார்.

ஸைனம்பு சாச்சி வாசலை முழத்தால் அளந்தார். “இது இப்பிடிப் போகாது. கால கழட்டணும்” என்றார். பிறகு சிரித்தவனைப் பார்த்து, “நீ பல்லக் காட்டினது போதும். அந்தப் பக்கம் புடி. உன்ட கலியாணத்துக்குக் கட்டில் தூக்க ஆள் வேணாமா?” என்றார். அவன் வந்து பிடித்தான். கால்களைக் கழற்றிக் கட்டிலை உள்ளே கொண்டுபோய், திரும்பப் பூட்டினோம். அதற்குள் எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. ஆறுமுகநாதன் இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றினார். சிரித்தவன் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினான்.

அவர்கள் ஊருக்குப் பெரிய உதவி எதுவும் செய்துவிடவில்லை. இதை எழுதுகிறபோது அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். சேர் காலை பஸ்ஸில் கந்தோருக்குப் போவார், மாலையில் வருவார், தேங்காய் துருவுவார். ஆறுமுகநாதனுக்கும் சாச்சிக்கும் வேலிக்கு மேலால் தினமும் சண்டை நடக்கும். மீன் கறிக்கு அவர் பழப்புளி கரைத்து ஊற்றுவார். எங்கள் பக்கத்தில் புளிப்புக்குக் கொறக்காக் காய்தான் போடுவோம்.

“பாவம் அந்த மீனு. செத்தும் நிம்மதி இல்ல” என்பார் சாச்சி.

“உங்கட கொறக்காயப் போட்டா கறி தார் போல கறுக்குது, அக்கா” என்பார் அவர்.

அப்படியும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊரில் தனி ஆண்களுக்கு வீடு கொடுப்பதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் சந்திக்கடை மேல்மாடி அறைகளில் இருப்பார்கள். குடும்பத்துக்குத்தான் வீடு. இது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாரும் அறிந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தலைவர் ஸக்கரியா ஹாஜியார். அவர் ஒரு நாள் எங்கள் கடையில் வைத்து, ஸைனம்பு சாச்சி காதில் விழும்படி பேச்சை எடுத்தார்.

“தனியாளுக்கு வீடு குடுக்கிற வழக்கம் இல்ல, ஜைனுதீன். கந்தூரி முடியட்டும். அதுக்குப் பொறகு அவங்க மேல்மாடிக்குப் போறதா என்னண்டு பாப்போம்.”

மேல்மாடி அறைகளில் ஒரு ஆளுக்கு ஒரு கட்டில்தான் கொள்ளும். அடுப்பு வைக்க விடமாட்டார்கள்.

“தனியாள் எங்க ஈக்கி, ஹாஜியார்? ரெண்டு பேர் ஈக்காங்களே” என்றார் சாச்சி.

“பொம்புள இல்லாத வீடு ஒரு வீடா?”

“நா மனுசன் இல்லாம எத்தன கந்தூரி பாத்துட்டேன். ஆம்புள இல்லாத வீடுன்னு எனக்குச் சட்டி வராம ஈந்ததா?”

ஹாஜியார் வெயில் இல்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கந்தூரிச் சோறு பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசலில் பெரிய செம்புகளில் ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் ஆக்குவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வரும். எந்த மதத்து வீடு என்று பார்ப்பதில்லை. எது யார் சட்டி என்று தெரிய, வீட்டுத் துணி ஒன்றைக் கிழித்துப் பிடியில் கட்டியிருப்பார்கள். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு சட்டி, ஒரே ஆள் இருந்தாலும் ஒரு சட்டி. ஒரு அடுப்புக்கு ஒரு பங்கு. மேல்மாடி அறைக்காரர்களுக்குச் சட்டி கிடையாது. ஆளுக்கு ஒரு பொட்டலம் போகும். ஆகவே ஒருவருக்கு வருவது சட்டியா பொட்டலமா என்பதில், ஊர் அவரை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கந்தூரி அன்று காலை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஸஹாப்தீன் கைவண்டியோடு சட்டி சேர்க்கப் புறப்பட்டார். வண்டி தள்ள நான் போனேன். சாச்சி வீட்டில் சட்டி எடுத்தோம். அடுத்த வேலிப்படலை அவர்களுடையது. மோதினார் நிற்பாரா, தாண்டிப் போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார். “வீட்டுக்காரங்க, சட்டி” என்று மற்ற வாசல்களில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

சேர் விரைந்து வந்தார். அவர் கையில் மினுக்கி வைத்த இரண்டு சின்ன அலுமினியச் சட்டிகள் இருந்தன. ஒரே அளவு. கந்தூரி என்று கேள்விப்பட்டு, ஊருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே கழுவிக் காயவைத்திருக்கிறார். இத்தனை காலம் இரண்டு பேராகவே தங்களைக் காட்டிக்கொண்ட மனிதர். ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு கோப்பை என்று பழகியவருக்கு ஒரு சட்டி என்று தோன்றவே இல்லை.

அந்த இரண்டு சட்டிகளையும் வண்டியில் ஏற்றினால், நாங்கள் இரண்டு தனியாட்கள் என்று அவர்களே சொன்னதாக ஆகிவிடும். ஹாஜியாருக்கு வேறு சாட்சி வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. மோதினார் இரண்டையும் வாங்கினார். தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டையும் சேர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இது பூனைக்குச் சோறு வைக்கிற சட்டி, சேர். நீங்க சோறாக்குற சட்டி எங்க?”

“அது பெருசு, அடியும் கரி. உங்களுக்குக் கரைச்சல்…”

“ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி. பெருசு சின்னது நாங்க பாக்கிறல்ல. ரெண்டு தந்தீங்கன்னா மத்த வீட்டுக்காரங்க என்னோட சண்டைக்கு வருவாங்க.”

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. காலை ஆக்கிய சோற்றை வேறொன்றில் கொட்டிவிட்டு, ஆறுமுகநாதன் ஈரம் சொட்டச் சொட்டப் பெரிய சட்டியைத் தூக்கிவந்தார். அடி நன்றாகக் கறுத்திருந்தது. பிடியில் கட்டத் துணி இல்லை. சாச்சி வேலிக்கு மேலால் எட்டி, அவர்கள் கொடியில் காய்ந்த, இடுப்பில் உடுத்தும் சாரத்தின் ஓரத்தைக் கிழித்தார். “பழசுதானே?” என்று கிழித்த பிறகு கேட்டார்.

பள்ளிவாசலில் ஹாஜியார்தான் அகப்பை பிடித்தார். ஒவ்வொரு சட்டியாக நகர்ந்து அது அவர் முன் வந்தது. கட்டங்கள் போட்ட சாரத் துண்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இது யார்ட?”

“ஸைனம்பு வளவுல, புது வீடு” என்றார் மோதினார். வீடு என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. மிளகு, உப்பு என்பதைப் போலச் சொன்னார்.

அகப்பை சற்று நேரம் செம்புக்குள்ளேயே நின்றது. பின்னால் சட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. ஹாஜியார் சோற்றை அள்ளி வைத்தார். இன்னொரு முறை அள்ளினார். புது வீட்டுக்கு முதல் கந்தூரியில் ஒரு நல்லி எலும்பு மேலாக வைப்பது எங்கள் வழக்கம். அவர் செம்பைத் துழாவினார், ஒன்றை எடுத்தார், வைத்தார். “மூடிய இறுக்கிப் போடு. சோறு ஆறிப்போகும்” என்று என்னிடம் சொன்னார். மேல்மாடி பற்றி அதன் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். “ஒண்டுதான் வந்திருக்கு. மற்ற ஆக்களுக்குச் சோறு போதாமல் போச்சோ, தம்பி? அப்பிடியெண்டா இதில பாதிய…”

நான் விளக்கினேன். தனியாட்கள் என்றால் இரண்டு பொட்டலம் வந்திருக்கும், வீடு என்றபடியால் ஒரு சட்டி வந்திருக்கிறது என்றேன். எலும்பைப் பற்றியும் சொன்னேன். அவர் கையில் மூடியோடு நின்றார். ஆவி பட்டு மூக்குக்கண்ணாடி மங்கியது. அதைத் துடைக்காமலே உள்ளே பார்த்து, “நாதன்” என்று கூப்பிட்டார்.

“கேட்டது” என்றது குசினிக்குள்ளிருந்து குரல். பிறகு, “சோறு ஆறுது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றது.

இதெல்லாம் நடந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றபோது, வேண்டாம் என்று சொல்வார் என்றே நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் ஊர்ப் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரை மாற்ற வேண்டும் என்பதுதான். சிவராசா, ஆறுமுகநாதன் என்ற பெயர்கள் அவர்கள் ஒருவருக்கொருவர் தேர்ந்து வைத்தவை. அதற்கு ஒரு மாலை முழுவதும் சிரித்தார்கள். ஸைனம்பு சாச்சி மட்டும், “என்னோட பேர மாத்தினா நா பத்திரிகைக் கந்தோருக்கே வருவேன்” என்றார். மாற்றவில்லை.

எழுதி முடித்ததை நேற்று அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சேர் வரையும் மேசையில் வைத்து முழுவதும் வாசித்தார். என் எழுத்துப்பிழைகளைத் திருத்த எடுத்த பென்சிலின் முனை உடைந்திருந்தது. பாதி பிளேடை எடுத்தார்.

“கடைசியில ஒண்டு எழுதுங்கோ, தம்பி” என்றார். “இண்டைக்கும் ஆரோ ரெண்டு பேர் பஸ் ஏறி ஊர் ஊரா வீடு தேடிக்கொண்டுதான் இருப்பினம். அவைக்கு இந்தப் பத்திரிகை போகாது. வாசிக்கிற ஆக்கள் வாயால சொன்னாத்தான் போகும்.”

ஆகவே கேட்கிறேன். இதை வாசித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு என்றாலும் சொல்லுங்கள்.

அவர் பென்சிலைக் கூராக்கினார். சீவல்கள் சுருண்டு சுருண்டு சிமெந்துத் தரையில் விழுந்தன. அவர் கையை ஏந்தவில்லை. முனையை ஊதிவிட்டு, என் முதல் பிழையைத் திருத்தத் தொடங்கினார்.